இயந்திரக் கோளாறு இல்லை

மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றிவரும் இந்த 19 ஆண்டுகளில் நான் மிக அதிக முறை எழுதிய வாக்கியம், 'இவ்விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறினால் நேர்ந்ததன்று' என்பதாகும். மக்கள் எங்களைப் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே சொல்வார்கள். காலையில் ஓட்டுநர் உரிமத்துக்காக எட்டு போட வருபவர்களை மைதானத்தில் சோதிப்போம்; பிற்பகலில் காவல் நிலையத்தின் பின்புறம் நிறுத்தப்பட்டிருக்கும் விபத்து வண்டிகளைப் பரிசோதித்து அறிக்கை தருவோம். இரண்டும் ஒரே வேலையின் இரு முனைகள் என்பது ஒரு வண்டியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அது 150 சி.சி. மோட்டார் சைக்கிள். முன் ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருந்தது, டேங்க் நசுங்கியிருந்தது. முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன், உறுதியாகப் பிடித்தது. பின் டயரில் ஓரிடத்தில் மட்டும் ரப்பர் தட்டையாகத் தேய்ந்திருந்தது. பின் பிரேக்கை மட்டும் முழுப் பலத்துடன் மிதித்து, சக்கரம் சுழலாமல் இழுபட்டுச் சென்றால்தான் அத்தகைய தேய்மானம் உண்டாகும். ஹெல்மெட், இருக்கையின் பக்கத்தில் அதற்கென இருக்கும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை. ஆவணங்களில் பையனின் உரிமம் இருந்தது. வயது 19. பதினொரு மாதங்களுக்கு முன் அவனைத் தேர்ச்சி பெறச் செய்தவன் நான்.

வண்டியை எடுத்துச் செல்ல வந்திருந்த தந்தை, "வண்டியில ஏதாவது கோளாறு இருந்துச்சா சார்?" என்று கேட்டார். ஆம் என்று நான் சொல்லியிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அந்தப் பையன் எட்டு நன்றாகவே போட்டிருப்பான். காலைத் தரையில் ஊன்றாமல், மெதுவாக வளைத்து ஓட்டும் நிதானத்தை அந்தச் சோதனை அளக்கிறது. அது தேவையான திறமைதான். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும் என்பதையும், கண் ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடும் என்பதையும் எட்டு கற்றுத் தருவதில்லை. முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்ற அச்சத்தைப் பெரியவர்களே பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்தும் விசையில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. அவசரத்தில் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி தெளிவாகவே சொல்கிறது. நீண்ட வரிசையும் ஆளுக்குச் சில நிமிடங்களுமாக நகரும் காலை வேளைகளில் நாங்கள்தான் அதை நழுவவிட்டோம்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாதிருந்தவர்கள் 50,029 பேர். இந்த எண்களை வாசிக்கும்போதெல்லாம் உரிக்கப்படாத அந்தப் பிளாஸ்டிக் தாள்தான் என் கண்முன் வருகிறது.

பதினாறு வயது மகனுக்கு வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, "பையன் நல்லா ஓட்டுவான் சார்" என்று பெருமையோடு சொல்லும் பெற்றோரிடம் நான் கடுமையாகவே பேசியிருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்குப் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கோ 25 வயது வரை உரிமம் கிடையாது. நியூசிலாந்தில் 1987 முதல், புதிதாக உரிமம் பெறும் இளைஞர்கள் இரவில் ஓட்டுவதற்கும் உடன் ஆட்களை ஏற்றிச் செல்வதற்கும் தொடக்கத்தில் கட்டுப்பாடு வைத்து, படிப்படியாக முழு உரிமம் தருகிறார்கள். நம் ஊரிலும் முதல் ஓராண்டுக்காவது இரவில் பின்னிருக்கையில் ஆள் ஏற்றத் தடை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது எட்டு போட்டு முடித்தவர்களை மைதானத்தின் நேர்ப்பாதையில் ஒருமுறை ஓட்டி வரச் சொல்கிறேன். ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை மாட்டியிருக்கிறார்களா என்று விரலை நுழைத்துப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருக்கிறேன். நான் கையை உயர்த்தியதும் அதற்குள் நிறுத்த வேண்டும். சென்ற வாரம் வந்த ஓர் இளைஞன் காலால் மட்டும் மிதித்தான். பின் சக்கரம் கிறீச்சிட்டு, கோட்டைத் தாண்டிப் போய்த்தான் வண்டி நின்றது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சீராக அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். இம்முறை கோட்டுக்கு முன்னாலேயே நின்றான். இறங்கி வந்து, கோட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு தடவை போகட்டுமா சார்?" என்று கேட்டான். வரிசையில் இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். போய் வரச் சொன்னேன்.