உயரம் கேட்டு வாங்கிய ஸ்பிரிங்கும் எடை பார்த்து வாங்கிய ஸ்பிரிங்கும்

கோரையாற்றின் கரைப்பாதை கார்த்திகை மாதத்தில் எப்படிக் கிடக்கும் என்று நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிராக்டர் சக்கரங்கள் இருபுறமும் ஆழமாகத் தடம் பதித்துவிட்டுப் போக, நடுவில் களிமண் மேடாக நிற்கும். மழை விட்டு ஒரு வாரம் வெயில் அடித்தால் அந்த மேடு செங்கல்லாக இறுகிவிடும். என் பிக்கப்பின் முன்பக்க அடித்தகடு அந்த மேட்டில் மூன்றாவது முறையாக உரசிய அன்றுதான் வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவில் பிழையில்லை. அதை நிறைவேற்றத் தொடங்கிய இடம்தான் பிழை. அதனால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேர்ந்தது.

என்னுடையது இசுசு வி-கிராஸ். முன்னால் இரட்டை விஷ்போன் அமைப்பில் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேற்கை, கீழ்க்கை என்ற இரண்டு இரும்புக் கைகள் தாங்கும்) காயில் ஸ்பிரிங், அதாவது சுருள்; பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டைகளை அடுக்கியது. டொயோட்டா ஹைலக்ஸும் ஏறத்தாழ இதே அமைப்பைக் கொண்டதுதான். முன்னால் டார்ஷன் பாரோ (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) லீஃப் ஸ்பிரிங்கோ உள்ள வண்டிகளுக்கு இங்கே வரும் கணக்குகள் பொருந்தா.

முதலில் சென்ற கடையில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "எத்தனை இன்ச் ஏத்தணும் சார்?" என்பது. ஒன்றரை இன்ச் என்றேன். முன்பக்கம் கூடுதலாக ஏதாவது பொருத்தியிருக்கிறேனா, பின்னால் வழக்கமாக எவ்வளவு ஏற்றுவேன் என்று அவர்களும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. "நம்ம ரோட்டுக்கு ஹெவிதான் தாங்கும்" என்று பட்டியலில் இருந்தவற்றுள் மிக விறைப்பான ஸ்பிரிங்கை எடுத்து, நாளடைவில் இறங்கிவிடாமல் இருக்கட்டும் என்று அதன் தலையில் 10 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் (இடைவளையம்) ஒன்றையும் வைத்து மாட்டி அனுப்பினார்கள். வண்டி பார்ப்பதற்கு மிடுக்காகத்தான் இருந்தது. ஆனால் கடையை விட்டுக் கிளம்பி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியபோதே முன்னால் 'டொக்' என்று ஓர் ஓசை கேட்டது. திருச்சி நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் இடமும் வலமும் அலைந்தது. அப்படியே ஏழு மாதம் ஓட்டினேன்; உயர்த்திய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நடந்தது என்னவென்று பின்னர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவ்வகை அமைப்பில் ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்காருவதில்லை. கீழ்க்கையின் நடுப்பகுதியில் உட்காருகிறது. ஆகவே சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் ஐந்தரை மி.மீ. அளவுக்கே சுருங்குகிறது. இதைத் திருப்பிப் பார்த்தால், ஸ்பிரிங்கின் தலையில் வைக்கும் 10 மி.மீ. ஸ்பேசர் வண்டியை ஏறத்தாழ 18 மி.மீ. உயர்த்திவிடும். விறைப்பிலும் இந்த நெம்புகோல் விளையாடுகிறது, அதுவும் வர்க்கமாக (0.55 × 0.55). ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தில் கிடைப்பது சுமார் 3 கிலோதான். அதாவது வண்டியின் மூக்கில் 100 கிலோ கூடினால் பக்கத்துக்கு 50 கிலோ. அந்த எடைக்கு முன்பக்கம் 17 மி.மீ. அளவுக்கு இறங்கும். அந்த எடையை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட ஸ்பிரிங்கை எடையே இல்லாத வண்டியில் மாட்டினால் அதே 17 மி.மீ. கூடுதலாக ஏறி நிற்கும்.

என் வண்டியில் நடந்தது இதுதான். இந்த ஸ்பிரிங்குகளைப் பெரும்பாலும் ஆஸ்திரேலிய நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்துத்தான் இங்கே தேர்ந்தெடுக்கிறோம். அங்கே பிக்கப் வைத்திருப்பவர்களுள் பலர் முன்னால் இரும்பு புல் பாரும் (முகப்பைக் காக்கும் தடுப்புச் சட்டம்) வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட உருளை) பொருத்துகிறார்கள். பட்டியலில் 'ஹெவி' என்பது அந்தக் கூடுதல் எடையைக் குறிக்கும் சொல், சாலையின் மேடு பள்ளத்தைக் குறிக்கும் சொல் அன்று. நம் நாட்டிலோ புல் பார் பொருத்துவதற்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. என் வண்டியின் மூக்கில் எண் பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. பட்டியல் சொன்ன உயர்வு 40, ஸ்பிரிங்கின் மிகை விறைப்பால் 17, ஸ்பேசரால் 18 என மூன்றும் சேர்ந்து 75 மி.மீ. ஏறியிருந்தது. ஒன்றரை இன்ச் கேட்டவனுக்கு மூன்று இன்ச்.

'டொக்' ஓசைக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றுவதால் சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்த தூரம் கூடுவதில்லை. வண்டி அந்த தூரத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது மட்டுமே மாறுகிறது. முன்பு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை 490 மி.மீ. இருந்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் 575. ஆக, பள்ளத்துக்குள் சக்கரம் இறங்குவதற்கு 85 மி.மீ. இடம் இருந்தது. முதல் வேலைக்குப் பிறகு வண்டி 565இல் நின்றது; மிச்சம் 10 மி.மீ. மட்டுமே. வேகத்தடையைத் தாண்டிச் சக்கரம் கீழே இறங்கும்போதெல்லாம் ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு நீண்டு முட்டிக்கொண்டிருந்தது. கரைப்பாதைக்காக வண்டியை உயர்த்திவிட்டு, கரைப்பாதையின் பள்ளத்தில் சக்கரம் இறங்க முடியாதபடி செய்து வைத்திருந்தேன்.

இரண்டாம் முறை ஊரிலுள்ள அரிசி ஆலையின் எடைமேடையில் தொடங்கினேன். "வண்டியில ஒண்ணுமே இல்லையேண்ணே, எதுக்கு எடை?" என்று அங்கிருந்த தம்பி சிரித்தான். டீசல் நிரப்பி, நான் உட்கார்ந்து, முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க 1,120 கிலோ. பின்னர் நான்கு மூட்டை யூரியாவை ஏற்றிக்கொண்டு அதே போல நிறுத்தினேன். 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோ என்பதால் மொத்தம் 180 கிலோ. மூட்டைகள் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் கிடந்ததால் முன் எடை கூடவில்லை, 1,100 ஆகக் குறைந்தது. அந்தச் சீட்டு இன்னும் வண்டியின் டாஷ்போர்டில் இருக்கிறது. என் பயன்பாட்டில் முன்பக்கத்துக்குச் சுமை கூடுவதே இல்லை, பாரம் ஏற்றினால் இன்னும் இலேசாகிறது என்று அது சொன்னது. அதன்பின் தேர்வுக்கு வேலையே இல்லை: கூடுதல் பொருத்திகள் ஏதுமற்ற வண்டிக்கு என்று பட்டியலில் இருக்கும் ஸ்பிரிங், ஸ்பேசர் வேண்டாம், 40 மி.மீ. தாண்டவும் வேண்டாம். 70,000 கி.மீ. ஓடிய பழைய ஷாக் அப்சார்பர்களை அதனுடன் பொருந்தும் புதியவற்றால் மாற்றினேன். ஸ்பிரிங் திரும்பி விரிவதைப் பிடித்து நிறுத்துவது அவைதாம் என்பதால் அதில் மிச்சம் பிடிக்கவில்லை.

மாட்டும் வேலையை ஊரிலேயே எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் பட்டறையில் செய்தோம், ஒரு பகுதியைத் தவிர. ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பை) கழற்றி ஸ்பிரிங்கை அமுக்கி மாற்றும் வேலைக்குச் சுவரில் பொருத்திய முறையான அமுக்கி உள்ள கடைக்குக் கொண்டுபோனோம். சுருளுக்குள் பல நூறு கிலோ விசை அடைபட்டுக் கிடக்கிறது. கையால் திருகும் கொக்கிகளை வைத்துக்கொண்டு அதனுடன் மல்லுக்கட்டுவது உயிரோடு விளையாடுவது.

பெரும்பாலான கடைகளில் தவறிப்போகும் இடம் அடுத்து வருகிறது. கீழ்க்கையும் மேற்கையும் சேஸிஸில் பிணைக்கப்படும் இடத்தில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. அந்த ரப்பர் உள்குழாயிலும் வெளிக்கூட்டிலும் ஒட்டிப் பிடித்திருக்கும். கை அசையும்போது புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் இரவும் பகலும் முறுக்கப்பட்டே கிடந்து, சில மாதங்களில் கிழியும். போதாததற்கு வண்டியைச் சில மில்லிமீட்டர் பொய்யாகத் தூக்கிப் பிடித்து எல்லா அளவையும் குழப்பும். முதல் கடையில் அப்படித்தான் இறுக்கியிருந்தார்கள்; கழற்றிப் பார்த்தபோது இடது கீழ்க்கையின் பின்புஷ்ஷில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. இம்முறை போல்ட்டுகளைக் கைப்பிடியளவுக்கு மட்டும் முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, பானெட்டை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, பட்டறை வாசலிலேயே முன்னும் பின்னும் உருட்டினோம். ஜாக்கியிலிருந்து இறங்கும் சக்கரம் அடிப்பக்கம் உள்வாங்கியே நிற்கும். உருண்டால்தான் தன் இடத்துக்கு வரும். அதன் பிறகு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்து, வண்டி தன் சொந்த எடையில் நிற்கும்போதே, குறித்த விசைக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச்சை வைத்து ஒவ்வொன்றாக இறுக்கினார் மெக்கானிக்.

உயரத்தை அளந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சமதளம் வேண்டும் என்று ஆலையின் சிமென்ட் களத்தில் நிறுத்தி அளந்தால், இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 9 மி.மீ. கூடுதல். ஸ்பேசர் ஒன்று போட்டுவிடலாமா என்று பேச்சு வந்தது. சந்தேகப்பட்டு வண்டியைத் திருப்பி நிறுத்தி அளந்தால், இப்போது வலப்பக்கம் 3 மி.மீ. கூடுதல். மழைநீர் வடிவதற்காகக் களத்துக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள் என்பதை, நெல் காயவைத்தே வளர்ந்த நான் மறந்துபோனேன். கடைசியில் எடைமேடையின் மீதே நிறுத்தி அளந்ததில் இடது 527, வலது 524. ஓட்டுநர் உட்காரும் பக்கம் 3 மி.மீ. தாழ்ந்திருப்பதற்கு யாரும் ஸ்பேசர் போட வேண்டியதில்லை. சராசரியாக 35 மி.மீ. உயர்வு, கீழே இறங்க இன்னும் 50 மி.மீ. மிச்சம்.

வீல் அலைன்மென்ட்டுக்குத் தஞ்சாவூர் வரை போனேன். பல இடங்களில் டோவை (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை) மட்டும் சரிசெய்து சீட்டைக் கொடுத்துவிடுவார்கள்; முன்பக்கத்தை உயர்த்தினால் முதலில் கெடுவது காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவது அந்தக் கோணத்தால்தான். முதல் வேலைக்குப் பிறகு அது 1.2 பாகைக்குச் சரிந்திருந்தது. நெடுஞ்சாலையில் வண்டி அலைந்ததன் காரணம் வேறெங்கும் இல்லை. இப்போது கீழ்க்கையின் கேம் போல்ட்டுகளை (திருப்பினால் கையின் இடத்தைச் சற்றே நகர்த்துபவை) திருப்பி 2.6 வரை கொண்டுவர முடிந்தது. இன்னும் உயர்த்தியிருந்தால் அந்தப் போல்ட்டுகளின் எல்லை தீர்ந்துபோய், மேற்கைகளையே மாற்றும் செலவு வந்திருக்கும். முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் கோணமும் அப்படித்தான்: கோணம் கூடக்கூட அதன் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியேறும், அந்த இடத்தில் நம் வயற்சேறு உட்காரும். பிறகு அந்த ஜாயின்ட் அதிக நாள் தாங்காது.

அன்று மாலையே முகப்பு விளக்குகளைத் தாழ்த்திவிட்டேன். முதல் முறை அதைச் செய்யாமல் எதிரே வந்த பேருந்து ஓட்டுநர்களிடம் வாங்கிய வெளிச்சம் போதும்.

சட்டத்தையும் மறைத்துப் பேச விரும்பவில்லை. வண்டியின் பதிவு விவரங்களுக்கு மாறான மாற்றங்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. செய்தவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி, நெல் குதிருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

1,000 கி.மீ. ஓடியபின் மறுபடி எடைமேடையில் அளந்தேன். புது ஸ்பிரிங் படிந்து இருபக்கமும் 4 மி.மீ. இறங்கி, 523, 520 என்று நின்றது. போல்ட்டுகளை மறுபடி சோதித்ததில் ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது. அடித்தகடு இப்போது கோரையாற்றுக் கரையின் மேட்டைத் தொடுவதில்லை. பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள பல்சக்கரக் கூடான டிஃபரன்ஷியல் மட்டும் பழையபடி உரசிக்கொண்டுதான் போகிறது. அதைத் தரையிலிருந்து உயர்த்தப் பெரிய டயரால்தான் முடியும், எந்த ஸ்பிரிங்காலும் முடியாது.