ஒரே படம், வட்டிலும் ஓடிடியிலும்: மூன்று வாரக் குறிப்பு

சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒரு 4கே ப்ளூரே வட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே படம் நான் சந்தா கட்டும் ஓடிடியிலும் 4கே தரத்தில் இருக்கிறது. யாரோ பயன்படுத்திய பிளேயர் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன்; அது ஆறு மாதமாகத் தூசி படிந்து கிடந்தது. சரி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். சாதாரண ப்ளூரேயாக இருந்திருந்தால் மண்டலப் பூட்டில், அதாவது ஒரு பகுதியின் வட்டு வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி வைக்கும் தடையில், மாட்டியிருக்கலாம். சிங்கப்பூர் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். 4கே வட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதல் வாரம் முழுக்க வீண். வட்டைப் போட்டதும் நிறமெல்லாம் பளீரென்று அடித்தது. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், "மாமா, டிஸ்க்தான் செம" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். எனக்கும் பெருமைதான். மூன்றாம் நாள்தான் உறைத்தது: பிளேயர் வரும் எச்டிஎம்ஐ வழியில் டிவி நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' முறையில் இருந்தது, ஓடிடி செயலிக்கோ 'சினிமா' முறை. டிவி ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனி அமைப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது. இரண்டையும் சினிமாவுக்கு மாற்றியதும் பெருமையில் பாதி கரைந்தது.

இன்னொரு தப்பும் இருந்தது. மாலை நேரத்தில் வைஃபையில் ஓட்டியதால் ஓடிடி தானாகவே தரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. லேன் கேபிள் போட்ட பிறகு நிலைத்து நின்றது. என் டிவியின் லேன் முனை வெறும் 100 மெகாபிட்தான். ஆனாலும் போதும், நெட்ஃபிளிக்ஸே 4கே-வுக்கு 15 மெகாபிட் வேகம் இருந்தால் போதும் என்கிறது.

அந்த 15-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். நொடிக்கு 16 மெகாபிட் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேரப் படம் 14 ஜிபி சொச்சத்தில் அடங்கிவிடும். என் வட்டு 66 ஜிபி. பிளேயர் ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தினால் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று காட்டுகிறது; காட்சிக்குக் காட்சி அந்த எண் மாறுகிறது. 50-க்குக் கீழே இறங்கியதை அபூர்வமாகத்தான் பார்த்தேன்.

இத்தனை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதா? 55 அங்குல டிவி, ஒன்பது அடி தூரத்தில் சோபா. பகல் காட்சிகளில் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நாற்காலியை நான்கு அடிக்கு இழுத்துப் போட்டால் முகத்தின் தோல், சட்டைத் துணியின் நெசவு, ஃபிலிமின் மணல்மணலான பொடி எல்லாம் வட்டில் கூடுதலாகத் தெரிந்தன. ஓடிடியில் அந்தப் பொடியை வழித்துத் துடைத்தது போல இருந்தது. ஆனால் இரவில், பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு தெருவிளக்கு எரியும் காட்சி வருகிறது. அங்கே சோபாவிலிருந்தே தெரிந்தது. ஓடிடியில் விளக்கைச் சுற்றி வெங்காயம் நறுக்கியது போல வளையம் வளையமாக நின்றது. இருட்டு மூலையில் சதுரம் சதுரமாக ஏதோ ஊர்ந்தது. வட்டில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இருட்டில் கரைந்தது. அந்த ஒரு நிமிடத்தை எட்டு முறையாவது பார்த்திருப்பேன்.

மூன்றாம் வாரம் ஒலி. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவரில் 'ட்ரூஎச்டி' (இழப்பில்லாத ஒலி) என்று வரும் என்று காத்திருந்தால் வெறும் 'டால்பி டிஜிட்டல்' (சுருக்கிய ஒலி) என்று வந்தது. கேபிளை மாற்றினேன், ரிசீவரைத் திட்டினேன். கடைசியில் பிளேயர் மெனுவில் 'செகண்டரி ஆடியோ' என்று ஒன்று ஆன் ஆகியிருந்தது. மெனு கிளிக் சத்தத்தையும் சேர்த்துக் கலப்பதற்காக, இழப்பில்லாத ஒலியைப் பிரித்து மறுபடி சுருக்கி அனுப்புமாம். அதை அணைத்ததும் சரியானது. பழைய பிளேயர் வாங்குபவர்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

ஒப்பிடும்போது வட்டின் ஒலி சற்று மெதுவாகக் கேட்டது. கைபேசியில் ஒலி அளக்கும் செயலியை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாமல் ஒலியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை; சத்தம் கூடினாலே நல்லதாகத் தோன்றும். சமப்படுத்திய பிறகு வசனத்தில் வித்தியாசம் இல்லை. மழையும் இடியும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் வட்டில் துளிகள் தனித்தனியாக விழுந்தன. மனைவியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஐந்து முறை மாற்றிப் போட்டேன். நான்கு முறை சரியாகச் சொன்னாள். ஐந்தாவது முறை, "எனக்கு அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

ஞாயிறன்று எல்லோரும் சேர்ந்து முழுப் படத்தையும் பார்ப்பதாகத் திட்டம். வட்டைத் துடைத்து உள்ளே தள்ளினேன். அம்மா, "இதுல தமிழ்ல பேசுவாங்களாப்பா?" என்றார். மெனுவில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். ஓடிடியில் தமிழ் டப்பிங் இருக்கிறது. வட்டை வெளியே எடுத்தேன்.