சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தொலைவு ஒன்று, நேரம் வேறு

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்தொலைவு சுமார் 15,300 கி.மீ. இரு நகரங்களும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ எதிரெதிரே இருப்பதால், அந்தக் கோடு வடதுருவத்தை ஒட்டியே செல்கிறது. தம்பி வீட்டுக்கு அம்மாவை அழைத்துச் செல்லப் பயணச்சீட்டு தேடியபோது எனக்கு இரண்டு வழிகள் கிடைத்தன. பிராங்க்பர்ட்டில் இறங்கிச் செல்லும் விமானத்தில் மொத்தத் தொலைவு 16,500 கி.மீ. அளவுதான், ஆனால் இடைநிறுத்தமும் சேர்ந்து பயணம் ஒரு முழுநாளை நெருங்கிவிடுகிறது. இடைநில்லா விமானமோ பதினெட்டரை மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது.

இடைநில்லா விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது என்பதைச் செலவுக் கணக்குப் போடும்போது மறந்துவிடக் கூடாது. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தொலைவு பறக்கும் வகை) விமானத்தில், எடையைக் குறைப்பதற்காக, பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94 என மொத்தம் 161 இருக்கைகளே உள்ளன. அம்மாவின் முழங்காலை நினைத்து நான் அதையே தேர்ந்தெடுத்தேன். இளவயதினர் என்றால் பிராங்க்பர்ட்டில் கால்நீட்டி நடப்பதே மேல் என்பது என் எண்ணம்.

புறப்பட்ட பின் திரையில் வரைபடத்தைப் பார்த்தபோது, விமானம் துருவத்தை நோக்கிப் போகாமல் ஜப்பான் பக்கமாகத் திரும்பிப் பசிபிக்கைக் கடந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து கிழக்காக, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், கூடுதல் தொலைவு பறந்தும் நேரம் மிச்சமாகிறது. தொலைவை மட்டும் வேகத்தால் வகுத்துப் பயண நேரத்தைக் கணிப்பது இந்தத் தடத்தில் பயன்படாததற்கு இதுவே காரணம்.

குளிர்காலத்தில் நியூயார்க் சிங்கப்பூரைவிடப் பதின்மூன்று மணி நேரம் பின்தங்கியிருக்கிறது; கோடையில் பன்னிரண்டு. நண்பகலை ஒட்டிப் புறப்பட்ட நாங்கள், இடையில் ஒரு குட்டி இரவையும் தேதிக் கோட்டையும் கடந்து, அதே தேதியில் மாலை ஆறு மணியளவில் தரையிறங்கினோம். கடிகாரத்தை நம்பினால் சர்க்கரை மாத்திரை தவறிவிடும் என்பதால், மருத்துவரிடம் முன்பே கேட்டு, வேளைகளைச் சிங்கப்பூர் நேரப்படி தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்திருந்தேன். விமானத்தில் அதைப் பார்த்தே கொடுத்தேன்.

திரும்பும்போதும் விமானம் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து பறந்தது. ஆகவே, போய்வந்ததில் உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம். இந்தத் திசையில் தேதிக் கணக்கு தலைகீழாகிறது: வெள்ளி இரவு பத்தரைக்குக் கிளம்பினால் ஞாயிறு விடியலில்தான் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க முடியும். வீட்டுக்குச் செல்லும் வாடகைக் காரையும் அலுவலக விடுப்பையும் இந்தத் தேதிப்படியே பதிவு செய்ய வேண்டும்.