குயீன் நால்வரில் ஒருவர்

7 ஜூன் 2025, சனி. கோவை

கேள்வி இதுதான்: பிரிட்டிஷ் ராக் குழுவான குயீனின் நால்வரில் பிடித்தவர் யார்? யாரைக் கேட்டாலும் எடுத்த எடுப்பில் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி என்றுதான் வரும். தப்பில்லை. ஆனால் பெரும்பாலும் அது கண் சொல்லும் பதில். அதனால் முதல் வேலை, வீடியோவை மூடிவைப்பது.

அடுத்தது ஸ்பீக்கர். பாஸ் கிடாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. போனில் மட்டும் கேட்பவருக்கு, பாஸ் வாசிக்கும் ஜான் டீக்கன் குழுவிலேயே இல்லை. காந்திபுரத்தில் கிளம்பும் தனியார் பஸ்ஸில் கேட்டாலோ டீக்கனைத் தவிர வேறு யாரும் இல்லை. இரண்டும் ஆகாது. சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். ஈக்வலைசரைச் சமமாக வைக்க வேண்டும், பாஸ் பூஸ்ட் அணைந்திருக்க வேண்டும். செட்டிங்கில் மோனோ ஆடியோ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இடம் வலமாகப் பிரித்துவைத்த குரல்களெல்லாம் அதில் ஒரே மூட்டையாகிவிடும்.

8 ஜூன், ஞாயிறு

பாட்டு பொறுக்குவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1989இல் வந்த 'த மிராக்கிள்' முதல் எல்லாப் பாட்டையும் குழுவின் பெயரிலேயே போட்டார்கள். யார் எழுதியது என்று அட்டை சொல்லாது. ஆகவே அதற்கு முந்தையவற்றில் ஆளுக்கொன்று:

மெர்க்குரி: 'சம்படி டு லவ்' (1976)
பிரையன் மே: 'வீ வில் ராக் யூ' (1977)
டீக்கன்: 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' (1980)
ரோஜர் டெய்லர்: 'ரேடியோ கா கா' (1984)

ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்க வேண்டும். முதலில் குரலை மட்டும், அடுத்து பாஸை மட்டும், மூன்றாவதாக எங்கெல்லாம் சத்தம் இல்லை என்பதை மட்டும். மூன்றாவதுதான் கடினம்.

லைவ் எய்ட் கச்சேரியை (13 ஜூலை 1985, வெம்பிளி) வைத்து முடிவு செய்யாதீர்கள். சுமார் இருபது நிமிடம், ஆறு பாட்டு. மெர்க்குரி எழுதியது மூன்று, பிரையன் மே எழுதியது இரண்டு, டெய்லர் எழுதியது ஒன்று. டீக்கன் எழுதியது ஒன்றுகூட இல்லை.

10 ஜூன், செவ்வாய்

மெர்க்குரி. மகாராஷ்டிரத்துப் பாஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் படித்தவர், அதனால் நம்மாளு என்று ஒரு ஓட்டுக் கூடுதலாக விழும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

'சம்படி டு லவ்' பாட்டில் தேவாலயப் பாடகர் கூட்டம் மாதிரிக் கேட்பது மூன்றே தொண்டை: மெர்க்குரி, மே, டெய்லர். பாடியதன் மேல் பாடி, அதன் மேலும் பாடி அடுக்கியது. 'போஹீமியன் ராப்ஸடி' (1975) ஓபரா பகுதியும் அதே வித்தைதான். 24 தட நாடாவில் திரும்பத் திரும்ப ஓட்டியதில் நாடாவே தேய்ந்து ஒளி ஊடுருவும் அளவுக்கு வந்துவிட்டது. அங்கே உச்சியில் வீறிடும் குரலை மெர்க்குரியுடையது என்று நினைத்து அவருக்கு மார்க் போடுவது வழக்கமான பிழை. அது டெய்லர்.

12 ஜூன், வியாழன்

பிரையன் மே. கிடார்காரர். பட்டறை உள்ள ஊரில் இவருக்குத்தான் மவுசு அதிகம் இருக்க வேண்டும். ரெட் ஸ்பெஷல் கிடாரை 1963இல் அப்பாவோடு சேர்ந்து தொடங்கினார், சுமார் இரண்டு வருட வேலை. கழுத்துப் பகுதி பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மஹோகனி. புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். விரல் பலகையின் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள்.

ட்ரெமலோவை, அதாவது கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பை, மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கம்பிகளைத் தாங்கும் தகடு கத்தி முனை மேல் உட்கார்ந்து ஆடுகிறது. கம்பிகளின் இழுவைக்கு எதிராகப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. கம்பி படும் இடத்தில் சின்ன உருளைகள். எங்கேயும் உரசல் இல்லாததால், கைப்பிடியை அழுத்தி விட்டால் சுருதி பழைய இடத்துக்கே திரும்பும். மலிவான கிடார்களில் சுருதி கலைவது இந்த உரசலால்தான்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகள் முதலில் கீச்சிட்டன. உள்ளே காயில் (கம்பிச் சுருள்) தளர்ந்து ஆடினால் அப்படித்தான். அரால்டைட் பசை ஊற்றி இறுக்கினார். மோட்டார் காயிலை வார்னிஷில் முக்கி எடுக்கும் பீளமேட்டுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்று பிக்கப்புக்கும் தனித்தனி சுவிட்ச், ஒவ்வொன்றின் மின்னலையையும் தலைகீழாகத் திருப்பிப்போட (ஃபேஸ்) இன்னொரு சுவிட்ச், ஆக ஆறு. மீட்டுவது பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தால். அதன் விளிம்பு கம்பியில் உரசும் 'கர்ர்' ஹெட்போனில் தெளிவாகக் கிடைக்கும்.

'வீ வில் ராக் யூ' பற்றி ஒன்று. கால், கால், கை, பிறகு ஒரு காலி இடம். அதில் டிரம் கிடையாது, பாஸும் கிடையாது. மரப்பலகையில் மிதித்துக் கைதட்டியதைப் பல தடவை அடுக்கியது. கூட்டமாகத் தட்டும்போது கெடுவது அந்தக் காலி இடம்தான், எல்லாரும் அவசரப்பட்டு அடுத்த மிதிக்குத் தாவுவார்கள். வள்ளி கும்மி பழகியவர்களுக்கு அந்தக் குறை வராது.

13 ஜூன், வெள்ளி

டெய்லர். டிரம்மும் உச்சக் குரலும். 'ஐம் இன் லவ் வித் மை கார்' அவர் எழுதி அவரே பாடியது. 'ராப்ஸடி' தட்டின் மறுபக்கத்தில் இருந்ததால் முன்பக்கப் பாட்டுக்குச் சமமான பணம் அதற்கும் போனது, குழுவுக்குள் புகைச்சலும் வந்தது. நல்ல ஆட்டக்காரர். முதல் இடம் இல்லை.

15 ஜூன், ஞாயிறு

ஏனுங்க, பாஸ்னா கூடவே டும் டும்னு வர்றது தானுங்களே என்பவர்களுக்கு 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. மூன்று அடி. மௌனம். ஒரு சின்ன ஓட்டம். மறுபடி மூன்று அடி. நிமிடத்துக்குச் சுமார் 110 தட்டு. நின்றுபோன இதயத்துக்கு நெஞ்சை அழுத்தும் வேகமும் 100 முதல் 120தான். டிரம் பதிந்த நாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டதால் சோமனூர் தறி மாதிரி வேகம் அசையாது. அந்தப் பாராட்டு நாடாவுக்கு. டீக்கனுக்கு உரியது அந்த மௌனம். பயில்பவர்கள் கெடுப்பதும் அங்கேதான்: அடித்த கம்பியை அமுக்காமல் விட்டு ஓசையை இழுத்துவிடுவார்கள். மீட்டும் கை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் நிறுத்தும் கை.

மின்னணுவியல் படித்த மனிதர். லண்டன் தெருக் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துவந்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டார். வால்யூம் திருகு இல்லை, டோன் திருகும் இல்லை. காயலாங்கடைச் சரக்கு. மே அதைக் கேட்டுவிட்டு விடவே இல்லை. 'குட் கம்பெனி' (1975) பாட்டில் டிரம்பெட், கிளாரினெட் போல ஒரு ஜாஸ் கோஷ்டியே வாசிக்கும். அத்தனையும் ரெட் ஸ்பெஷலும் இந்தப் பெட்டியும். மேயின் கணக்கில் போடும் மார்க்கில் கொஞ்சம் இவருக்கும் வர வேண்டும்.

18 ஜூன், புதன்

திருத்தம் ஒன்று. 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' (1984) நடுவில் வரும் தனி வாசிப்பை மேயின் கிடார் என்றே பலர் சொல்கிறார்கள். அது சின்தசைசர், வாசித்தவர் குழுவுக்கு வெளியிலிருந்து வந்த ஃபிரெட் மாண்டல். பாட்டு டீக்கனுடையது.

முடிவு: டீக்கன். மெர்க்குரி இல்லாத குயீனை யோசிக்கவே முடியாதே என்பார்கள். உண்மைதான், ஆனால் கேள்வி பிடித்தவர் யார் என்பது. பாடாமல், பேசாமல், ஒதுங்கி நின்று, ஒரு அடி குறைத்தே வாசிக்கிறவரைத்தான் பிடிக்கிறது.

பொழுதோட 'தர்ட்டி நைன்' போடலாம். எழுதியதும் பாடியதும் மே. கீழே மெதுவாக நடப்பது வழக்கமான பாஸ் கிடார் இல்லை, ஆளுயர டபுள் பாஸ். மே விளையாட்டாகக் கேட்கப்போய், டீக்கன் அதைக் கற்றுக்கொண்டே வந்து நின்றுவிட்டார்.