22-வது படி

திருச்சியில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆர்க்கிடெக்ட் ஆபீஸில், கட்டடப் படம் வரைய ஆட்டோகேட் என்ற மென்பொருள் மட்டும்தான். எங்கள் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் கீபோர்டைக் குனிந்து பார்த்ததே இல்லை. வலது கை மவுஸில் இருக்கும். இடது கை எல், டிஆர், ஓ என்று கட்டளைகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். கோடு விழும், வெட்டுப்படும், பக்கத்திலேயே இணையாக இன்னொன்று விழும். இரண்டு மாடி வீட்டுக்கு ஒரே நாளில் பிளான் போட்டுவிடுவார். அந்த வேகத்தை அதற்குப் பிறகு வேறெந்த மென்பொருளிலும் நான் பார்க்கவில்லை.

அந்த ஆபீஸில்தான் எனக்கு மறக்காத அந்த போன் வந்தது. சைட்டிலிருந்து மேஸ்திரி பேசினார்.

“மேடம், பிளான்ல 22 படி இருக்கு. செக்ஷன்ல எண்ணுனா 21தான் வருது. எதைக் கட்டட்டும்?”

நடந்தது இவ்வளவுதான். முதலில் தளத்துக்குத் தளம் 11 அடி. 6 அங்குலப் படி என்றால் 22. நடுவில் ஓனர் செலவைக் குறைக்கச் சொன்னதால் உயரம் 10 அடி 6 அங்குலமானது. கட்டடத்தை வெட்டிக் காட்டும் செக்ஷனைத் திருத்தினேன், வெளிமுகத்தைக் காட்டும் எலிவேஷனைத் திருத்தினேன், பிளானில் படிக்கட்டைத் தொடவில்லை. மேல்படிக்கு முன்னால் இருந்த பாத்ரூம் கதவு அந்தக் கூடுதல் படியின் கணக்கில்தான் நின்றது. கான்கிரீட் ஊற்றச் சென்டரிங் பலகை அடிப்பதற்கு முன்பே மேஸ்திரி விரல் விட்டு எண்ணிப் பார்த்ததால் தப்பித்தேன்.

1982-ல் வெளிவந்த காலம் தொட்டு ஆட்டோகேட் அடிப்படையில் ஒரு வரைபலகைதான். நாம் படி என்று நினைத்துப் போடுவது அதற்குச் சமதூரத்தில் நிற்கும் சில கோடுகள். பிளானில் இருப்பதும் செக்ஷனில் இருப்பதும் ஒரே படிக்கட்டு என்பது வரைகிறவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தலை ஒருநாள் தூங்கிவிட்டால் மேஸ்திரியிடமிருந்து போன் வரும்.

சென்னைக்கு வந்த பிறகு ரெவிட், கோடுகளாக இல்லாமல் கட்டடத்தையே மாதிரியாக எழுப்பும் மென்பொருள். 1997-ல் அமெரிக்காவில், இயந்திர வடிவமைப்பு மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த இருவர் தொடங்கியது; 2000-ல் விற்பனைக்கு வந்தது. 2002-ல் ஆட்டோகேட் கம்பெனியான ஆட்டோடெஸ்க் அதை 133 மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஆட்டோகேட்டா ரெவிட்டா என்று நாம் டீக்கடையில் சண்டை போடுகிறோம், இரண்டுக்கும் கல்லாப்பெட்டி ஒன்றுதான்.

ரெவிட்டில் நான் முதலில் செய்து பார்த்த சோதனை எதுவென்று சொல்லத் தேவையில்லை. ஒரு படிக்கட்டைப் போட்டுவிட்டு, மேல்தளத்தின் லெவலை 6 அங்குலம் இறக்கினேன். படி மேல்தளத்தோடு சேரவில்லை என்று எச்சரிக்கை வந்தது. தானாக எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை, ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. பிளான், செக்ஷன், 3டி மூன்றும் ஒரே படிக்கட்டைத்தான் காட்டின. அன்று அந்த எச்சரிக்கைப் பெட்டியைக் கொஞ்ச நேரம் மூடாமலே வைத்திருந்தேன்.

அப்புறம் அதன் மறுபக்கமும் தெரிந்தது. ரெவிட்டில் சும்மா ஒரு சுவர் போட முடியாது; என்ன வகைச் சுவர் என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். வீடு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே முடிவாகாத நாளில், செங்கல் எத்தனை மில்லிமீட்டர், பூச்சு எத்தனை என்றால் என்ன சொல்வது? ‘ஜெனரிக்’ என்று பொதுவான சுவர் ஒன்றைப் போட்டுத் தப்பிக்கலாம். தப்பித்தால் அந்த ஜெனரிக், சைட்டுக்குப் போகும் ஒர்க்கிங் டிராயிங் வரைக்கும் கூடவே வந்து நிற்கும். ஜன்னல் கதை இன்னும் மோசம். இணையத்தில் ஃபேமிலி என்ற பெயரில் தயாராகக் கொட்டிக் கிடக்கும் ஜன்னல் மாதிரிகளில் பாதி மேலே தூக்கித் திறக்கும் அமெரிக்க ஜன்னல்கள். கிரில், மேலே வெண்டிலேட்டர், வெளியே 600 மில்லிமீட்டர் சன்ஷேட் என்று நம்மூர் ஜன்னல் ஒன்றை நானே உட்கார்ந்து செய்ய இரண்டு நாள் ஆனது. இன்றுவரை அந்த ஒரே ஜன்னலை அகலம் மாற்றி மாற்றித்தான் ஓட்டுகிறேன்.

நடுவில் ஒரு வருடம் வெளிநாட்டு ஆர்க்கிடெக்ட் ஒருவருக்காக ஆர்க்கிகேட் என்ற மென்பொருளில் வரைந்தேன். மனசுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் கூசாமல் அதைத்தான் சொல்வேன். கம்யூனிச ஆட்சியிலிருந்த ஹங்கேரியில், புடாபெஸ்ட்டில், 1982-ல் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் கம்பெனியின் பிள்ளை அது. மேக் கணினியில் கட்டடத்தையே மாதிரியாக எழுப்பும் யோசனையோடு 1987-லேயே வந்துவிட்டது. ரெவிட் பிறக்கப் பத்து வருடம் இருந்தது. ரெவிட் இன்னும் விண்டோஸை விட்டு நகரவில்லை, ஆர்க்கிகேட் இரண்டிலும் ஓடும். இவற்றையெல்லாம் விட, பிரிண்ட் எடுத்தால் ஒரு ஆர்க்கிடெக்ட் கையால் வரைந்த தாள் மாதிரி இருக்கும். ரெவிட் தாள் எவ்வளவு அலங்கரித்தாலும் கொஞ்சம் அரசாங்கப் படிவம் போலத்தான்.

ஆனால் இங்கே அதை யாரோடு சேர்ந்து செய்வது? நாங்கள் சேர்ந்து வேலை பார்க்கும் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் ரெவிட். ஏசி, பிளம்பிங் ஆட்களும் ரெவிட், இல்லாவிட்டால் ஆட்டோகேட். இடையில் ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது. ஐஎஸ்ஓ தரம் பெற்றது, எந்த மென்பொருள் கம்பெனிக்கும் சொந்தமில்லாதது. ஒருமுறை அதில் பீம்களை வாங்கினேன். கண்ணுக்கு அழகாகத் தெரிந்தன. ஆழத்தை மாற்றலாம் என்று தொட்டால் பீம் அசையவில்லை. அவர்களுடைய மென்பொருளில் பீமாக இருந்தது என்னிடம் வெறும் பெட்டியாக வந்து சேர்ந்திருந்தது. பீமும் சுவரும் எங்கே மோதுகின்றன என்று பார்ப்பதற்கு அது போதும். சேர்ந்து வடிவமைக்கப் போதாது. எது நல்ல மென்பொருள் என்ற கேள்வியை அன்றோடு விட்டுவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் என்ன இருக்கிறதோ அதுதான் நம்முடையதும்.

அதிலும் வருடக் கணக்கு வேறு உண்டு. ரெவிட் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியே கிடையாது. எங்கள் இன்டெர்ன் தம்பி ஒருநாள் காலையில், கேட்ட கேள்விக்கெல்லாம் ஓகே கொடுத்து எல்லாரும் சேர்ந்து வேலை செய்யும் சென்ட்ரல் ஃபைலை அடுத்த பதிப்புக்கு ஏற்றிவிட்டான். மதியம்தான் கன்சல்டன்ட் ஆபீஸிலிருந்து ஃபைல் திறக்கவில்லை என்று போன். முந்தின இரவு பேக்கப்பை எடுத்து, அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் மறுபடி செய்ய ஒன்றரை நாள். ஆர்க்கிகேடில் ஒரு பதிப்பாவது பின்னால் போகலாம்.

விலையைப் பேசினால் வயிறு எரியும். 2016-க்குப் பிறகு ஆட்டோடெஸ்க் ஒரேயடியாக உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. வருடா வருடம் வாடகைதான். 2020-ல் உலகப் புகழ்பெற்ற ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் நிறுவனங்கள் சேர்ந்து, விலை மட்டும் ஏறுகிறது, ரெவிட் வளரவில்லை என்று பகிரங்கக் கடிதமே எழுதின. அவர்களே புலம்பினால் மூன்று பேர் ஆபீஸ் என்ன செய்யும்? என்ன செய்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும், எழுத வேண்டாம்.

ஓனரிடம் காட்டுவதற்கு எனக்கு இன்னும் ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருள்தான். ஒரு முகத்தைப் பிடித்து இழுத்தால் சுவர், அழுத்தினால் ஜன்னல் பள்ளம். “ஃபிரிட்ஜ் கதவு திறந்தா இடிக்குமா?” என்று ஓனர் வீட்டம்மா கேட்டால் அவர் கண் முன்னாலேயே திறந்து காட்டலாம். ரெவிட்டில் அதற்குள் டீ ஆறிவிடும்.

போன வாரம் புதுச் சைட்டில் லேப்டாப்பைத் திறந்து, மாடலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். மேஸ்திரி பொறுமையாகப் பார்த்தார்.

“நல்லா இருக்கு மேடம். படிக்கட்டு மட்டும் ஏ3-ல ஒரு பிரிண்ட் குடுத்துடுங்க, பாக்கெட்ல வெச்சுக்கறேன்.”

ஆபீஸுக்கு வந்து பிரிண்ட் எடுத்தேன். மாடலிலிருந்து தானாக வந்த தாள், தப்பு இருக்க வழியில்லை. இருந்தாலும் பேனா முனையை வைத்து பிளானில் ஒவ்வொரு படியாக எண்ணினேன். 20. செக்ஷனிலும் எண்ணினேன். 20.