இலவசப் பயணத்திற்கு நாங்கள் கட்டிய கட்டணம்

அமெரிக்கத் தரைப்படையில் பணிபுரியும் என் கணவரும் நானும், ஜெர்மனியில் வசிக்கும் என் தங்கையைப் பார்த்துவர, 'ஸ்பேஸ்-ஏ' எனப்படும் முறையில், அதாவது ராணுவப் பணிக்குப் போக மிஞ்சும் இருக்கைகளில், பயணம் செய்தோம். இதற்குக் கட்டணமே கிடையாது என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அது பெரும்பாலும் உண்மை; முழு உண்மையன்று.

விடுப்பு தொடங்கிய பிறகே பெயரைப் பதிவுசெய்ய முடியும். விடுப்புப் படிவம், ராணுவ அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவை கையில் இருக்க வேண்டும். மொத்தமுள்ள 6 முன்னுரிமைப் பிரிவுகளில் அவசர விடுப்பில் செல்வோர் முதல் பிரிவிலும், சாதாரண விடுப்பில் செல்லும் எங்களைப் போன்றோர் 3ஆம் பிரிவிலும், ஓய்வுபெற்றோர் 6ஆம் பிரிவிலும் வருவார்கள். ஒரே பிரிவுக்குள் யார் முன்னதாகப் பதிந்தார் என்பதே வரிசையைத் தீர்மானிக்கும். உயர்ந்த பதவி அங்கே செல்லாது என்பது, கேப்டன் ஒருவர் எங்களுக்குப் பின்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பால்டிமோர் முனையத்தில் முதல் நாள் 'ரோல் கால்', அதாவது இருக்கை கிடைத்தவர்களை வரிசைப்படி பெயர் சொல்லி அழைப்பது, எங்கள் பெயர் வருமுன்பே முடிந்துவிட்டது. மறுநாள் ஜெர்மனியிலுள்ள ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்திற்குச் செல்லும் 'பேட்ரியட் எக்ஸ்பிரஸ்' விமானத்தில் இடம் கிடைத்தது; கூடவே, ஆளுக்கு ஒரு சிறு தொகையைச் செலுத்தும்படி முகப்பில் கேட்டார்கள். இலவசம் என்றார்களே என்று நான் தயங்கியபோது, அது ராணுவம் வாடகைக்கு எடுத்த தனியார் நிறுவன விமானம் என்பதால் பயணி வரியும் அரசின் சோதனைக் கட்டணமும் அதற்குப் பொருந்தும் என்றும், பயணக் கட்டணமாக எதுவும் வாங்கப்படவில்லை என்றும் அங்கிருந்த ஊழியர் பொறுமையாக விளக்கினார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பாதுகாப்புக் காரணங்களுக்காக அரசு விமானத்தில் மட்டுமே செல்ல வேண்டிய உயர் பதவியினரின் சொந்தப் பயணத்திற்கு, ஏ-126 என்னும் அரசுச் சுற்றறிக்கை சாதாரண வகுப்பின் முழுக் கட்டணத்தையே கேட்கிறது. எங்களிடம் கேட்டது வரியும் சோதனைக் கட்டணமும் மட்டுமே.

திரும்பும்போது ராம்ஸ்டைனில் இரண்டு நாள் காத்திருந்தோம். விடுப்பு முடிய ஒரு நாளே இருந்த நிலையில், தேவைப்பட்டால் ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெறும் வகையில் பயணிகள் விமானத்தில் இரு சீட்டுகள் எடுத்து வைத்தோம். இந்த வழியில் போகிறவர்கள் அந்தத் தொகையை ஒதுக்கிவைக்காமல் கிளம்பக் கூடாது; இருக்கை உறுதி என்று எந்த முனையமும் வாக்குக் கொடுப்பதில்லை. அன்று இரவே அமெரிக்காவின் டோவர் விமானப்படைத் தளத்திற்குச் செல்லும் சி-17 சரக்கு விமானத்தில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். அது ராணுவத்தின் சொந்த விமானம் என்பதால் வரி எதுவும் இல்லை. உணவுப் பொட்டலத்திற்கு மட்டும் பணம் கொடுத்தோம். பக்கவாட்டு இருக்கையில், குளிரில், காதடைப்பானோடு கடல் கடந்தோம்.

ஆனால் எங்கள் கார் பால்டிமோரில் நின்றது. டோவரிலிருந்து அங்கே போக ஒரு வாடகைக் கார் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கான செலவு, போகும்போது நாங்கள் இருவரும் செலுத்திய வரியைவிட அதிகம்.