ஹோஸ்ட்டில் எதை வைப்பது

“ஏனுங்ணா, ஹோஸ்ட்ல இவ்வளவு ரேம் சும்மாத்தான கெடக்குது. சின்னப் பக்கந்தான, அதுலயே போட்டர்லாமுங்களா?”

கூட வேலை பார்க்கும் தம்பி இப்படிக் கேட்டபோது நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஹோஸ்ட் என்பது அசல் சர்வர் மெஷின். அதற்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடுபவை விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள். பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை. எடைமேடையில் லாரிக்குச் சீட்டு அடிக்கிற, பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய சின்ன வலைப்பக்கம் அது. அதற்கென்று தனியாக ஒரு விஎம் போடுவது அன்றைக்கு அதிகப்படியாகத் தோன்றியது.

எங்கள் ஹோஸ்ட்டில் ஓடுவது பிராக்ஸ்மாக்ஸ், விஎம்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள். அடியில் இருப்பது டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் என்பதால் எதை வேண்டுமானாலும் நிறுவலாம், தடுக்க ஆளில்லை. ஏழாம் பதிப்புக்கு ஆதரவு 2024 ஜூலையோடு முடிவதால் எட்டாம் பதிப்புக்கு மாறினோம். ஏழு நிற்பது டெபியன் 11இன் மேல், எட்டு 12இன் மேல். அந்த மாற்றத்தோடு சேர்ந்து பிஎச்பி 7.4 போய் 8.2 வந்துவிட்டது. விஎம்கள் எல்லாம் ஒழுங்காக எழுந்தன. எடைமேடைப் பக்கம் மட்டும் வெள்ளையாக நின்றது. பழைய கோடில் இருந்த ‘ஈச்’ என்ற ஃபங்ஷன் பிஎச்பி 8இல் இல்லவே இல்லை. வாளையார் தாண்டி வந்த லாரிகள் கேட்டுக்கு வெளியே நிற்க, பகல் வரை கையால் சீட்டு எழுதிக் கொடுத்தோம். தனி விஎம்மில் இருந்திருந்தால் ஹோஸ்ட் மாறியதே அதற்குத் தெரிந்திருக்காது.

சும்மா கிடக்கிற ரேம் என்பதும் சரியில்லை. ஹோஸ்ட்டில் நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸ் பெரும்பாலும் அதிகம் பிடித்திருக்கும் புராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத்தான் கொல்லும். அங்கே அப்படிப் பெரிதாக இருப்பவை விஎம்கள்தாம். ஓரமாக வைத்த சின்ன மென்பொருள் ஒன்று வீங்கினால் சாவது கணக்கு சர்வராக இருக்கலாம்.

அதற்கப்புறம் எதை நிறுவுவதானாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: நாளைக்கு இந்த மெஷின் போய் வேறொன்று வந்தால், இது அந்தப் புது மெஷினுக்கும் வர வேண்டியதா? வர வேண்டியதென்றால் அது விஎம்முக்குள். டேட்டாபேஸ், ஃபைல் சர்வர், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் எல்லாம் அப்படித்தான். இந்த இரும்போடு ஒட்டியது மட்டும் ஹோஸ்ட்டில்: டிஸ்க்கின் உடல்நலம் பார்ப்பது, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு, நேரம் சரிசெய்வது. வெளியிலிருந்து எங்கள் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன்னை மட்டும் இரண்டிலும் வைக்கவில்லை. அது விஎம்மில் இருந்து ஹோஸ்ட் படுத்துவிட்டால், ராத்திரி கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்து நான் எந்த வழியாக உள்ளே போவேன்? ரவுட்டரில் வைத்துவிட்டேன்.

யூபிஎஸ் விஷயத்தில் நேர் எதிராகத் தவறு செய்திருந்தோம். அதனோடு வந்த மென்பொருள் விண்டோஸுக்கானது. அதனால் யுஎஸ்பி கேபிளை ஒரு விண்டோஸ் விஎம்முக்குள் திருப்பிவிட்டு அங்கே நிறுவியிருந்தோம். துலாவர்ஷம் என்று இங்கே சொல்கிற ஐப்பசி மழையில், மத்தியானம் தாண்டினால் இடிதான். அப்படி ஒரு நாள் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. பேட்டரி இறங்கியதும் அந்த ஒரு விஎம் மட்டும் சமத்தாகத் தன்னை மூடிக்கொண்டது. மற்றவையும் ஹோஸ்ட்டும் ஒன்றும் அறியாமல் ஓடிக்கொண்டிருந்து அப்படியே விழுந்தன. கரண்ட் வந்த பிறகு கணக்கு டேட்டாபேஸ் எழவில்லை. முந்தின இரவு பேக்கப்பிலிருந்துதான் எடுக்க முடிந்தது. அன்றைய பில்களை அக்கவுண்ட்ஸ் அக்கா காகிதத்தைப் பார்த்து மறுபடி ஒவ்வொன்றாக அடித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

யூபிஎஸ் காப்பது மொத்த மெஷினை. அதன் பேச்சைக் கேட்க வேண்டியவனும் ஹோஸ்ட்தான். கேபிளை ஹோஸ்ட்டுக்கே திருப்பி, நட் என்ற இலவச மென்பொருளை அதில் நிறுவினோம். ஹோஸ்ட் மூடச் சொல்வது ஒழுங்காகக் காதில் விழ, ஒவ்வொரு விஎம்முக்குள்ளும் ஹோஸ்ட்டோடு பேசுகிற கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன மென்பொருளைப் போட்டோம். டேட்டாபேஸுக்கு வரிசையில் முதல் எண் கொடுத்தோம். பிராக்ஸ்மாக்ஸ் எழுப்பும்போது முதல் எண்ணிலிருந்து எழுப்பும், மூடும்போது கடைசியிலிருந்து மூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் தம்பி யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கினான். பீப் சத்தம் தொடங்கியது. லேப்டாப்பில் பட்டியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேட்டரி இறங்க இறங்க, பச்சையாக இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின. எடைமேடைக்கு இப்போது தனியாக இருக்கும் குட்டி விஎம் முதலில், அப்புறம் ஃபைல் சர்வர். எல்லாம் போன பிறகு டேட்டாபேஸ் நின்றது. அடுத்து சர்வரின் விசிறிச் சத்தம் அடங்கியது. யூபிஎஸ் மட்டும் இன்னும் பீப் அடித்துக்கொண்டே இருந்தது.